கழுத்தில் தொங்கிய கீபோர்டு

என் அண்ணியிடம் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. அண்ணி சத்தம் போடுகிறவர் இல்லை, வாயே திறக்க மாட்டார். நாம் கத்திக்கொண்டிருப்போம், அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், பத்து விரல்களும் மேசை விளிம்பில் மெல்லத் துள்ளிக்கொண்டிருக்கும். நாம் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் அந்த விரல்கள் தட்டச்சு செய்கின்றன என்பது ஆரம்பத்தில் எங்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் அம்மா, நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று சாதித்தபோதுதான் தெரிந்தது. அண்ணி, அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல், நடுவில் அம்மா தும்மியது உட்பட ஒப்பித்தார். அன்றோடு அம்மா அண்ணியை விட்டுவிட்டு என்னிடம் சண்டை போட ஆரம்பித்தார்.

அண்ணிக்கு நகர மன்றத்தில் தட்டச்சர் வேலை. உறுப்பினர்கள் பேசுவதை அப்படியே எழுத்தில் இறக்க வேண்டும். காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடும், நடுவில் மூளைக்கு அங்கே வேலையே இல்லை என்று அவரே சொல்வார். பேருந்தில் ஏறினால் முன்சீட்டில் இருப்பவர்கள் பேசுவதைத் தன் கைப்பையின் மேல் தட்டுவார். தூக்கத்தில் என் அண்ணனின் முதுகில் தட்டுவார். அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆள், நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து முதுகு வலி. இப்படி ஒரு மனைவி எவனுக்குக் கிடைப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

அதே கட்டடத்தில் தேநீர் அறை என் பொறுப்பு. ஐந்து வருடமாக நடத்துகிறேன். என் தேநீரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. என் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை இந்தக் கதை முடிவதற்குள் நானே ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அண்ணி பதினோரு வருடம் தரைக்குக் கீழே இருக்கும் பதிவறையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் மேலே நடக்கும். அதன் ஒலிப்பதிவு மறுநாள் கீழே வரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜன்னல் இல்லாத அந்த அறையில் முப்பத்திரண்டு பேரின் குரலைத் தட்டிக்கொண்டிருப்பார். குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். ஆனால் அதே ஆள் எதிரே வந்து கதவைத் திறந்துவிட்டால் யாரோ என்று நன்றி சொல்லிவிட்டுப் போவார். அவரைக் கேட்டால் அதுவும் ஒரு பிழைப்புதான் என்பார். எனக்கு ஆத்திரமாக வரும்.

பிறகு ஒருநாள் மன்றத்தில் ஒரு ரகளை நடந்தது. ஒரு உறுப்பினர் தான் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று அடித்துப் பேசினார். இன்னொருவர் சொன்னீர் என்றார். இரண்டு பேரும் சட்டைக் காலர் வரை போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு முடிவு வந்தது. இனி பேசப் பேச அங்கேயே தட்ட வேண்டும், தட்டியது சுவரில் பெரிய திரையில் ஓட வேண்டும், யாரும் பேச்சை மாற்ற முடியாது. அப்படித்தான் அண்ணி மாடிப்படி ஏறி மன்றத்துக்குள் வந்தார். முதல் நாள் வீட்டுக்கு வந்து, யாருக்கு மூக்கு நீளம், யார் பேசும்போது பேனாவைக் கடிக்கிறார் என்று எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

மன்றத்தின் ஓரத்தில் ஒரு மர அலமாரி, அதற்குள் கணினி. நடுவில் அண்ணியின் மேசை. இரண்டுக்கும் இடையே தரையில் ஒரு ஒயர், அதன்மேல் பட்டையாக டேப். டேப் என்ன, சங்கிலியே போட்டாலும் மன்றத் தலைவர் அதில் தடுக்கி விழுந்திருப்பார். அவர் நடக்கும்போது தரையைப் பார்க்கிற வழக்கம் இல்லை. விழுந்தவர் தரையில் விழுந்திருந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கட்சிக்காரர் மடியில் போய் விழுந்தார். மறுநாள் சுற்றறிக்கை வந்துவிட்டது, மன்றத்துக்குள் இனி எந்த ஒயரும் இருக்கக் கூடாது என்று.

கணினிப் பிரிவுக்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தார். அதற்குள் ஒயர் இல்லாத கீபோர்டு, நகம் அளவில் ஒரு டாங்கிள். அந்த டாங்கிளைக் கணினியில் செருகினால் போதும், கீபோர்டு எங்கே இருந்தாலும் எழுத்து திரைக்குப் போய்விடும் என்றார். அண்ணி நம்பவில்லை. கீபோர்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கடைசி வரிசை வரைக்கும் போனார். திரையில் எழுத்து வந்துகொண்டே இருந்தது. காலி மன்றத்தில் அந்த மனுஷி நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தட்டிக்கொண்டு ஓடியதை நான் தேநீர்த் தட்டும் கையுமாக வாசலில் நின்று பார்த்தேன். நாற்பத்திரண்டு வயது. தலைகால் புரியவில்லை அவருக்கு.

மறுவாரமே கீபோர்டின் இரண்டு பக்கமும் பட்டை தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ரயிலில் கடலை விற்பவர்களைப் போல இருந்தது. யாராவது முணுமுணுவென்று பேசினால் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். வேகமாகப் பேசுகிறவர்களுக்கு முன்னால் போய் உதட்டைப் பார்ப்பார். உறுப்பினர்களுக்கும் அது பிடித்துப்போனது. தந்தி இங்கே வாங்க, தந்தி அங்கே வாங்க என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். தந்தி என்பது அவர்கள் வைத்த பெயர். அண்ணிக்கு அந்தப் பெயரில் ஏக சந்தோஷம். எனக்குத் தெரிந்து அவருக்கு யாரும் அதுவரை செல்லப்பெயர் வைத்ததில்லை.

குறைகளும் இருந்தன, இல்லை என்று பூசி மெழுக நான் அந்தக் கம்பெனியின் விற்பனையாளர் இல்லை. சில நாள் ஒரு எழுத்து மாட்டிக்கொண்டு திரை முழுக்க 'ககககக' என்று ஓடும். உறுப்பினர்கள் கூட்டமாக எழுந்து நடுவில் நின்று கத்தினால் பாதிச் சொற்கள் காணாமல் போகும். மனுஷ உடம்பில் தண்ணீர் அதிகம், அலை அதில் நின்றுவிடும் என்றார் கணினிப் பிரிவுக்காரர். ஒரு வாரம் வரிக்கு நாலு ஓட்டை விழுந்தது. அவர் ஒவ்வொரு அறையாக மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து கடைசியில் என் மைக்ரோவேவ் அடுப்பின் முன்னால் நின்றார். அதுவும் கீபோர்டும் காற்றில் ஒரே பாதையில் போகின்றனவாம். கூட்டம் நடக்கும்போது அடுப்பைப் போடக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார். என் அடுப்பு எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தது, நேற்று வந்த கீபோர்டுக்காக அது வாய் மூட வேண்டுமா என்று நான் கேட்டேன். அண்ணி என் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் விட்டேன்.

பேட்டரியும் ஒரு தொல்லை. இரண்டு செல். திங்கட்கிழமைதோறும் மாற்ற வேண்டும். அண்ணி தவறாமல் மாற்றுவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தேநீர் அறைக்கும் மன்றத்துக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பிளைவுட் தடுப்பு. அந்தத் தடுப்பின் மறுபக்கம்தான் கணினி இருக்கும் அலமாரி. அதாவது என் அறையின் மூலை மேசையில் உட்கார்ந்தால், மன்றத்தின் நடுவில் இருப்பதைவிடக் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஒயர் இருந்திருந்தால் எது எதோடு கட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இதில் ஒன்றும் தெரியாது. எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை.

இடைவேளையில் அண்ணி கீபோர்டை மன்றத்தில் விட்டுவிட்டு வர மாட்டார், முன்பு ஒரு உறுப்பினர் அதன்மேல் காபியைக் கவிழ்த்துவிட்டதால். கழுத்தில் மாட்டியபடியே வருவார். அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அணைக்க வேண்டாம், எந்த எழுத்துக் கட்டையையும் தொடாமல் இருந்தால் அதுவே தூங்கிவிடும் என்று கணினிப் பிரிவுக்காரர் சொல்லியிருந்தார். தொடாமல் இருந்தால். சொன்ன ஆளுக்கு என் அண்ணியின் விரல்களைப் பற்றி என்ன தெரியும்?

அன்றைக்கு மூலை மேசையில் அண்ணி, நான், தலைவரின் ஓட்டுநர். கீபோர்டு அண்ணியின் மடியில். நான் தேநீரை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஓட்டுநர் தாளம் போட்டார். பத்து நிமிடம் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அண்ணியும் சிரித்தார். அவருடைய விரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எப்போதும் செய்வதுதானே என்று இருந்திருப்பேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மன்றம் நிரம்பிக்கொண்டிருந்தது. தலைவர் சீக்கிரமே வந்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிதான் எதையும் முறைப்படி செய்கிறவராயிற்றே, யார் பேசியது என்று போட்டுத்தான் தட்டுவார்:

தேநீர் அறை: தலைவர் பேச எழுந்தால் எனக்கு இரண்டு தடவை பால் காய்ச்சிவிட நேரம் இருக்கிறது.

ஓட்டுநர்: அதே பேச்சைக் காரில் நாலு தடவை கேட்டவன் நான்.

(சிரிப்பு)

தேநீர் அறை: யார் என்ன கேட்டாலும் பரிசீலிக்கப்படும் என்கிறார். நேற்று நான் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கும் பரிசீலிக்கப்படும் என்றார்.

(பலத்த சிரிப்பு)

கணினிப் பிரிவுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் திறந்தார். அண்ணியின் மடியைக் காட்டினார். அண்ணி குனிந்து பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் புரிந்தது.

தலைவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுநரையும் சொல்லவில்லை. மறுநாள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வந்தது. ஏழாவது பொருள்: நேரடித் திரையை அகற்றுதல், தட்டச்சரை மீண்டும் கீழ்ப் பதிவறைக்கு அனுப்புதல். முன்மொழிபவர் தலைவருக்கு நெருங்கிய உறுப்பினர். முப்பத்திரண்டில் பத்தொன்பது பேர் தலைவர் பக்கம். கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

அந்த வாரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நான் போய்த் தலைவர் காலில் விழுகிறேன் என்றேன். அவர் ஏற்கெனவே ஒருமுறை விழுந்த எரிச்சலில் இருக்கிறார், நீ வேறு விழாதே என்றான் அண்ணன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், நான் அதற்குத் தயாராகத்தான் போனேன்.

"உன் மேல எனக்குக் கோபமே இல்ல," என்றார். "கீழ இருந்தப்ப எனக்குக் குரல் மட்டும்தான் வரும். எல்லாம் முந்தின நாள் பேசி முடிச்ச பேச்சு. மேல வந்த பிறகுதான் ஒருத்தர் பேச வாயைத் திறக்கிற நேரத்துல நானும் அங்க இருந்தேன். அதை விட்டுட்டுப் போகத்தான் எனக்கு மனசு வரல."

அவர் விரல்கள் அன்று சும்மா இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

கூட்ட நாள். தேநீர் கொடுக்கிற சாக்கில் தட்டை ஏந்திக்கொண்டு நான் மன்றத்தின் வாசலில் நின்றேன். ஏழாவது பொருள் வந்தது. முன்மொழிபவர் எழுந்தார். அண்ணி கழுத்தில் கீபோர்டோடு அவருக்கு மூன்றடி தள்ளி நின்று தட்ட ஆரம்பித்தார். தன்னைப் பற்றியேதான். இந்தத் தட்டச்சர் கவனக்குறைவானவர். மன்றத்தின் மாண்பைக் காற்றில் பறக்கவிட்டவர். இவர் இருக்க வேண்டிய இடம் கீழறை. ஒவ்வொன்றும் திரையில் தெளிவாக, ஒரு பிழை இல்லாமல் ஏறியது. இரண்டு முறை அவர் தடுமாறிச் சொல்லைத் தேடியபோது அண்ணி விரலைத் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தார். வேறு ஆளாக இருந்தால் கீபோர்டைக் கழற்றி அந்த ஆளின் மண்டையில் போட்டிருப்பார்கள், நான் நிச்சயம் போட்டிருப்பேன்.

முன்மொழிபவர் கால் மணி நேரம் வெளுத்து வாங்கினார். அதற்குள் கீபோர்டின் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்ததை நான் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை, இருந்த கவலையில், அண்ணி செல் மாற்றவில்லை. திரையில் ஒரு எழுத்து விட்டுப்போனது. பிறகு ஒரு சொல். பிறகு, 'ஆகவே மதிப்பிற்குரிய' என்ற இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது.

அண்ணி தட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஏறவில்லை. முடிந்தது கதை, இதைவிடப் பெரிய சாட்சி அவர்களுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். முன்மொழிபவர் அதைக் கவனிக்காமல் பேசி முடித்து, தீர்மானத்தை ஓட்டுக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு கைதட்டலுக்காக நின்றார்.

யாரும் கைதட்டவில்லை. அவர் பக்கத்து ஆட்களே கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்மொழிபவர் இன்னொரு முறை ஓட்டுக்கு விடச் சொன்னார். தலைவர் அசையவில்லை. மூன்றாம் முறை கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"திரை வரட்டும், இருங்க," என்றார் தலைவர்.

"திரையை எடுக்கத்தானே ஐயா தீர்மானம்?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு திரை வந்தாத்தானே எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அந்த உயரமான கூரையில் எல்லாப் பேச்சும் மோதித் திரும்பும். மைக் இன்னும் மோசம். அதற்கு மேல் தலைவருக்குக் காதும் மந்தம். தனக்குக் கேட்கவில்லை என்று சபையில் சொல்ல எந்தத் தலைவருக்கு வாய் வரும்?

முன்வரிசையில் ஒரு வயதான உறுப்பினர் மெல்ல எழுந்தார்.

"எனக்கும் கேக்கலீங்க. எட்டு வருஷமா பக்கத்துல இருக்கிறவர் கையைத் தூக்கினா நானும் தூக்குவேன். திரை வந்த பிறகுதான் எதுக்குத் தூக்குறேன்னே தெரிஞ்சுது."

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. பின்வரிசையில் ஒரு அம்மா தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். தூணுக்குப் பின்னால் உட்காருகிறவர், தனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, தூண்தான் செவிடு என்றார். எதிர்க்கட்சியில் நாலு பேர், தலைவர் பக்கத்தில் ஆறு பேர். மைக்கைக் குறை சொன்னார்கள், கூரையைக் குறை சொன்னார்கள், கடைசியில் எல்லோரும் காதுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காமல், என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று விசாரித்துக்கொண்டு, அதற்குள் சிரித்துக்கொண்டு. கல்யாண வீடு மாதிரி இருந்தது.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். தேநீர் அறை கடிகாரத்திலிருந்து ஒரு செல்லைப் பிடுங்கினேன். வராந்தாக் கடிகாரத்திலிருந்து இன்னொன்று. திரும்ப ஓடி வந்து நானே அண்ணியின் கழுத்தில் தொங்கிய கீபோர்டைத் திருப்பி இரண்டையும் மாட்டினேன். அவசரத்தில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டு மறுபடி போட்டேன். விளக்கு பச்சையாக எரிந்தது.

அண்ணி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். திரை நின்றிருந்தபோது பேசியதெல்லாம் அவர் விரலில் இருந்தது. முன்மொழிபவரின் மிச்சப் பேச்சு, மூன்று தடவை ஓட்டுக் கேட்டது, வரிசையாக வந்தது. அடுத்தது எது என்று எனக்குத் தெரியும். அண்ணி, அதை விட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் வேண்டினேன். அண்ணி ஒருமுறை தலைவரைப் பார்த்தார். விரல்கள் யாரையும் பார்க்கவில்லை.

தலைவர்: நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று திரை வந்தால்தானே எனக்குத் தெரியும்.

தலைவர் அதைப் படித்தார். பிறகு வயதானவர் சொன்னது, அந்த அம்மா, தூண், பத்துப் பேரின் காதுகள், எல்லாம் ஏறி முடியும்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். தனக்குக் கேட்காமல் போனது எல்லாவற்றையும் அப்போதுதான் அவர் தெரிந்துகொண்டார். ஓரிடத்தில் அவர் தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முன்மொழிபவர் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதுவும் திரையில் வந்தது, அதைப் படித்துவிட்டுத் தலைவர் தலையாட்டினார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்க முடியுமாம்மா?"

அண்ணி முதலில் அந்தக் கேள்வியைத் தட்டினார். அதற்குப் பிறகுதான் எழுத்தைப் பெரிதாக்கினார்.